ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

ஜனவரி 18

டயர் கடைக்காரர் கொடுத்த டைரி இது. போன வருஷத்துடையது. தேதியை எடுத்துக்கொண்டு கிழமையை விட்டுவிட வேண்டும். ஐந்தாவதோடு நின்றவளுக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எழுதினால் கலெக்டருக்கும் கோணலாகத்தான் வரும். அதனால் எழுதுவதற்கு எனக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

காலையில் நாமக்கல்லை விட்டுக் கிளம்பினோம். நாங்கள் என்றால் நான், என் வீட்டுக்காரர் சென்னியப்பன், இரண்டு நாய்கள். வண்டி ஒரு பழைய ஸ்கூல் வேன். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர், லாரியை விட்ட பிறகு, பாடி கட்டும் பட்டறையில் இருக்கிற சிநேகிதரைப் பிடித்து, வேனின் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று வீடாக்கிவிட்டார். பின்னால் ஒரே ஒரு இரட்டைச் சீட்டை மட்டும் கழற்றவில்லை. அதில் வெங்காயக் கூடை ஜன்னலோரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது. மஞ்சள் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. ஐந்தாவதோடு நின்ற நான் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன் என்று தெருவே வந்து வழியனுப்பியது.

நாய்களில் மூத்தவன் பெயர் கிளீனர். லாரியில் இவர் பக்கத்தில் இடது சீட்டில் உட்கார்ந்து பத்து வருஷம் ஊர் சுற்றியவன். இப்போது காது சுத்தமாகக் கேட்காது. சின்னவள் சுண்டல். உடம்பெல்லாம் புள்ளி. குரைப்பதற்கு அவளுக்குக் காரணம் எதுவும் வேண்டாம்.

போகிற இடம் மரவந்தே. கர்நாடகாவில் கடற்கரை ஊர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் இவர் அங்கே நிறுத்திக் குளித்துவிட்டு எனக்கு போன் பண்ணுவார். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு என்பார். பொய் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ரோடு முழுக்க எனக்குத் தெரியும். காதால் தெரியும். ஓமலூர் என்றால் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம். ஹிரியூர் என்றால் யாரோ பெரிய முறத்தால் விசிறுகிற மாதிரி. மரவந்தே என்றால் உலை கொதிக்கிற சத்தம். இதையெல்லாம் இனிமேல் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.


ஜனவரி 19

தொப்பூர் தாண்டி ஒரு புளியமரத்தடி. மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் நிறுத்திவிட்டார்.

"இன்னும் பொழுது இருக்குதுங்களே" என்றேன்.

"வண்டி சூடாயிருச்சு புள்ள."

வண்டி என் கை மாதிரிச் சில்லென்று இருந்தது. "ஆமாங்க, கொதிக்குது. மேல தோசை ஊத்தலாமாட்ட இருக்குது" என்றேன்.

நாங்கள் வண்டி நிறுத்துகிற முறையை எழுதிவைக்கிறேன். அவர் பின்னால் எடுக்கும்போது நான் இறங்கிப் பின்னால் நின்றுகொள்வேன். வண்டி உடம்பில் கையால் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. லாரியில் கிளீனர் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான். ஓடும்போது நான் முன்னால் இடது சீட்டில் உட்கார்ந்து சத்தம் கொடுத்துக்கொண்டே வருவேன். "இடது எருமை. இடது காலி. இடது ஒரு அம்மிணி, கோவமா இருக்குது, தள்ளிப் போங்க."

"உனக்கெதுக்குப் புள்ள இந்த வேலை" என்று சிரிக்கிறார்.

"பொறந்ததில இருந்து கிளீனர் ஆவணும்னு ஆசைங்க. எங்கப்பன்தான் உங்களுக்குக் கட்டிக் குடுத்துக் கெடுத்துப்போட்டாரு."

தன் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பதால் கிளீனர் என்னோடு பேசுவதில்லை. பின்னால் இருந்து முதுகையே முறைத்துக்கொண்டு வருகிறான்.

சாயங்காலம் டயர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் வண்டிக்குப் பின்னால் போனார். டயர் கீழே இருக்கிறது. இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறந்துகொண்டு. சொட்டு மருந்து விடும்போது ஏன் எல்லாருக்கும் வாய் திறந்துகொள்கிறது என்று தெரியவில்லை.

தீபாவளி சமயத்தில் ஆணி அடிக்கச் சுத்தியல் தேடினேன். டூல்ஸ் பெட்டிக்குள், ஸ்பானருக்கு அடியில், துணி சுற்றி அந்தக் குப்பி இருந்தது. காலிக் குப்பி ஒன்றை எடுத்துப்போய் மருந்துக் கடையில் கேட்டேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோயாம். நேராகத் தெரியுமாம், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். குழாய்க்குள் பார்க்கிற மாதிரி. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார்.

"வண்டி ஓட்டுறாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, வீட்லதான் இருக்காரு" என்றேன்.

இவரிடம் நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அப்போது வேன் பட்டறையில் இருந்தது. கட்டிலுக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பருப்பு பொங்குகிறது. போகிறேன்.


ஜனவரி 20

சுண்டல் ஒரு டோல்கேட்டையே குரைத்துத் திறக்கவைத்துவிட்டாள்.


ஜனவரி 22

பெங்களூருக்குள் நுழையாமல் சுற்றுச் சாலையில் வந்தோம். அதுவே போதும் என்று ஆகிவிட்டது. தும்கூர் தாண்டினால் ரோடு அகலம், மனுஷர் குறைவு. ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினோம். நான் துணி துவைத்தேன். இவர் எலுமிச்சை சாதம் கிளறினார். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டார். "கடலுக்கு இன்னும் தூரம் இருக்குதுங்களே, இங்கயே வந்திருச்சா" என்றேன். நாய்கள்கூடச் சாப்பிடவில்லை.

வருகிற வழியில் இடது பக்கமாக ஒருவர் சைக்கிளில் வந்தார். கேரியரில் புல்லுக்கட்டு. சிவப்புத் துண்டு. நான் அப்போது பின்னால் திரும்பி, உருளுகிற வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியதும் "இடது, இடது" என்றேன். இவர் ஒடித்தார். புல் மட்டும் கண்ணாடியில் உரசியது. அந்த மனுஷர் திட்டவில்லை. இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிவப்பு எட்ட இருந்தே பளிச்சென்று தெரிகிற நிறம்.

வெங்காயக் கூடையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். இனிமேல் திரும்பிப் பார்க்கிற வேலை கிடையாது.


ஜனவரி 23

ஹிரியூர். முறத்தால் விசிறுகிறது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். காற்றாலை. மலை மேல் வரிசையாக வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டு மெதுவாகக் கை சுற்றுகின்றன. அடியில் ஒரு பாறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஹூம், ஹூம் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிழல் வந்து என் மேல் போர்த்திவிட்டு உடனே உருவிக்கொண்டு போகிறது. வீட்டில் தனியாகப் படுத்து போனில் இதைக் கேட்டபோதெல்லாம், இவர் யார் வீட்டு அடுப்புக்கு விசிறிவிடுகிறார் என்று யோசித்திருக்கிறேன். அதை இன்று சொன்னேன்.

"அதான் அந்தக் காலத்துல போனை வெடுக்குனு வெப்பியா?" என்றார்.

"பின்ன? நல்லா விசிறுங்கன்னு சொல்லவா முடியும்."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. கிளீனர் வந்து முகத்தை நக்கினான். நிழல் வந்தது, போனது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோம் என்று தெரியவில்லை. எழுந்தபோது என் காலில் இருந்த செருப்பு ஒன்றைக் காணோம். சுண்டல் ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.


ஜனவரி 24

ஒற்றைச் செருப்போடு சித்ரதுர்கா கோட்டையைக் கீழே இருந்து பார்த்தேன். போதும்.


ஜனவரி 26

ஷிமோகா தாண்டிப் பாக்குத் தோப்பு. பாக்கு மரங்களுக்குள் வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. அதற்கப்புறம் மலை இறக்கம்.

இந்த இறக்கத்தை நினைத்து நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எலுமிச்சை சாதத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டது. முன்னால் போன பஸ் இல்லை. மரம் இல்லை. வண்டியின் மூக்கே இல்லை. ஒரு டீக்கடை இருக்கிற வளைவில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். எங்களையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்கள். என் உயிரில் பாதி திரும்பி வந்தது.

இறங்கி நின்றோம். பஞ்சுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சுண்டல் எங்கேயோ குரைத்தாள், எல்லாப் பக்கமும் கேட்டது. கிளீனர் மேகத்துக்குள் போய்க் காணாமல் போவான், மறுபடி மூக்கு மட்டும் வரும். டீக்கடை அடுப்பு மட்டும் ஒரு ஆரஞ்சுப் பழம் மாதிரி எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல நின்னுக்கிட்டு என்னங்க இது" என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது" என்றார். கல்யாண வீட்டில் புகைப்படக்காரர் பிடிக்கச் சொன்னபோதுகூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

அப்புறம் சந்தோஷமாகச் சொன்னார்: "இப்பப் பாத்தியா புள்ள. உனக்கும் ஒண்ணும் தெரியல."

உனக்கும்.

சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தது. நான் காதில் விழாத மாதிரி டீ ரெண்டு என்று கத்தினேன். கிளீனருக்கு மட்டும்தான் காது கேட்காது என்று யார் சொன்னது.

மேகம் விலகி, வெயில் வந்து, வளைவுக்கு வளைவு நான் சத்தம் கொடுத்துக்கொண்டே வர, கீழே வந்து சேர்ந்தோம்.


ஜனவரி 27

மரவந்தே.

பொய் இல்லை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஆறு. நடுவில் ரோடு, அதில் நாங்கள். கன்னியாகுமரியில் டூரிஸ்ட் பஸ்ஸில் போய்க் கடல் பார்த்திருக்கிறேன், அது கூட்டத்துக் கடல். இது என் கடல். உலை கொதிக்கிற அதே சத்தம். நான் கண்ணை மூடினால் நாமக்கல் வீட்டுச் சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். திறந்தால் இங்கே நிற்கிறேன். மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"கண்ணுல தூசியா?" என்றார்.

"ஆமாங்க. பெரிய தூசி. நீலமா இருக்குது."

மாலையில் அவர் ஆற்றுப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார், நான் கடல் பக்கம். முதுகும் முதுகும் சாய்ந்துகொண்டு. சுண்டல் அலையைக் கடித்தாள். கிளீனர் மணலில் குழி தோண்டி அதில் முதலாளி மாதிரிப் படுத்துக்கொண்டான்.


ஜனவரி 28

எழுதக் கை வரவில்லை.


ஜனவரி 29

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

படுக்கையில் இருந்தே கடல் தெரிய வேண்டும், பின்கதவைத் திறந்தால் கடல் இருக்கிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தலாம் என்று இவர் காலையில் சொன்னார். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், அப்புறம் எடுக்கலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இவருக்குப் பொறுக்கவில்லை. நான் திரும்பி வரும்போது வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கிளீனர் அவன் குழியில் தூங்கிக்கொண்டிருந்தான். இடது பின் சக்கரத்துக்கு நேராக. சுண்டல் சக்கரத்துக்கு முன்னால் நின்று குரைத்துக்கொண்டே இருந்தாள். அவள் எப்போதுமே குரைக்கிறவள்தானே.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டியை எட்டியதும் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். ஒரு கை, அடுத்த கை.

இரண்டு தட்டு.

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கிளீனர் போட்ட சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது. எங்களுக்குக் கேட்டது.

மணல்தான் காப்பாற்றியது. பின்னங்கால் சக்கரத்தின் கீழ் மணலோடு அமுங்கி இருந்தது. வண்டியை முன்னால் எடுக்கவைத்து, துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து குந்தாபுரம் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். எலும்பில் கீறல், உடையவில்லை, கட்டுப் போட்டால் கூடிவிடும் என்றார். வயதான நாய், பொறுமையாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். கிளீனர் அவர் கையை நக்கினான். இவர் வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தோம். கிளீனர் இவர் மடியில்.

"நீ ரெண்டு தட்டு தட்டுனே" என்றார்.

"ஆமாங்க. தப்பு என்னுதுதான்."

கிளீனரின் கட்டை மெதுவாகத் தடவினார். "இல்ல புள்ள. கண்ணாடியில இவன் தெரியவே இல்ல எனக்கு. அந்தப் பக்கமே இல்ல. சீட்டு இருக்குது, ஸ்டேரிங் இருக்குது, அதுக்கு அக்கட்ட ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாளாவே இல்ல."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"தீபாவளியில இருந்து. டூல்ஸ் பெட்டி."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முழுசாகத் திரும்பித்தான் பார்க்க முடிகிறது.

"அப்பப் பதினெட்டாந் தேதி நீ வண்டியில ஏறும்போது உனக்குத் தெரியும்."

"ம்."

"அந்த சைக்கிள்காரன் செத்திருப்பான். நீயும் செத்திருப்பே. தெரிஞ்சும் எதுக்குப் புள்ள வந்தே?"

எழுந்துபோய்க் குடத்தைத் தேடினேன். நசுங்கிக் கிடந்தது. மறுபடி தண்ணீர் பிடிக்கப் போனேன், நசுங்கின குடத்தில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு.


ஜனவரி 30

இன்று இவர் சாவியை எடுத்தார். துணியால் துடைத்தார். என் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் வைத்தார்.

"டாக்டரு போன வருஷமே ஓட்டாதேன்னு சொல்லிட்டாரு" என்றார். "உனக்கு இந்த எடத்தக் காட்டிட்டு நிறுத்திக்கலாம்னு பாத்தேன்."

அப்படியென்றால் இருவருமே கிளம்பியது இதற்குத்தான். ஒரே வண்டியில், ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு.

இனிமேல் டயர் பார்க்கப் போக வேண்டாம். மருந்தை நானே விட்டேன். "வாயை மூடுங்க, அது கண்ணுக்கு" என்றேன். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.


ஜனவரி 31

ஆக்டிங் டிரைவர் என்ற வார்த்தையே இவருக்கு ஆகாது. தன் வண்டியை இன்னொருத்தன் தொட்டால் மூன்று நாள் சாப்பிட மாட்டார். இன்று இவரே டீக்கடையில் விசாரித்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் சுதாகர். நாற்பது வயது இருக்கும். சேலத்தில் ஹோட்டல் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார்.

"சார், ஸ்கூல் வேன்தானே? பிள்ளைங்க எங்கே சார்?" என்றார்.

"நாங்கதான் பிள்ளைங்க. ரெண்டு பேருமே பெயிலு" என்றேன்.

"கிளட்ச் கொஞ்சம் மேல புடிக்கும்" என்றார் இவர். "ரெண்டாவது கியரு மொறைக்கும். திட்டாதே. மொள்ள இழுத்தா வந்துரும்."

பெண்ணை மறுவீடு அனுப்புகிற மாதிரி இருந்தது.

"சரி சார். நீங்க சொல்லுங்க, நான் போறேன்" என்றார் சுதாகர். நல்ல மனுஷர்.


பிப்ரவரி 1

ஓடுகிற வண்டியில் எழுதுகிறேன்.

காலையில் எல்லாவற்றையும் கட்டினோம். கிளீனர் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு நேராக முன்னால் போய், இடது சீட்டைப் பார்த்து நின்றான். சுதாகர் தூக்கி வைத்தார். உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். பதவி திரும்பக் கிடைத்தவன் பார்வை.

எனக்கும் இவருக்கும் எங்கே இடம் என்று பார்த்தேன். வெங்காயக் கூடையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு இவர் அந்த இரட்டைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "வா புள்ள" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஓடுகிற வண்டியில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் நடுவில் கியர் ராடு இருக்கும், இல்லையென்றால் நடுவில் ஆறேழு ஊர் இருக்கும். தோள் இடித்தது. புதுப்பெண் மாதிரி ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன், அப்புறம் எதற்கு என்று திரும்ப வந்துவிட்டேன்.

"அக்கட்ட என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

"ஒரு ஆனை டிவிஎஸ் ஓட்டிக்கிட்டு வருதுங்க."

"ஹெல்மெட் போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது. பின்னால உங்க தங்கச்சி உக்காந்திருக்கு."

அப்போது வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. சுதாகர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, போகலாமா என்று தலையசைத்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், முழுசாக.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீ ஒண்ணுஞ் சொல்லலியே" என்றார்.

வெளியே ஒரு பக்கம் ஆறு சத்தமில்லாமல் கிடந்தது. மறு பக்கம் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"போன்ல கடல் சரியாக் கேக்கலீங்க மாமா" என்றேன். "அதான்."

அவர் என் கையை எடுத்து, தன் கையோடு சேர்த்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வண்டியின் மஞ்சள் உடம்பில் தட்டினார். ஒன்று. நிறுத்தி, இன்னும் கொஞ்சம் கடலைக் கேட்டார். அப்புறம் இரண்டு.